கூளியின் பந்தியும் பூதத்தின் பாசக்கயிறும்

மக்கள், விலங்கு, புள் எனக் கண்ணாற் காணப்படும் இனங்களேயன்றி, கண்ணுக்குப் புலனாகாத இனங்கள் சிலவற்றையும் நம் முன்னோர் தம் நூல்களிற் குடியேற்றி வைத்துள்ளனர். அவற்றுட் பல பெயரளவில் வந்து மறைவன. ஒருசிலவற்றிற்கோ புலவர்கள் தலைமையும் தொழிலும் உணவும் ஒழுக்கமும் வகுத்து, ஒரு சமுதாயமாகவே அமைத்துக் காட்டினர். கலிங்கத்துப்பரணியில் வரும் கூளியினமும், சிலப்பதிகாரத்திற் புகார் நகரைக் காக்கும் சதுக்கப்பூதமும் இவ்வகையிற் சிறந்தவை. இவ்விரண்டின் ஒழுக்கங்களையும் ஒப்புநோக்கி, நம்மனோர்க்கு அவற்றாற் பெறப்படும் பொருள் யாது என்று ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கல்லூரி மலரில் பேயைப்பற்றி எழுதுதல் தகுமோ என்று வினவுவார் இருக்கலாம். அச்சத்தாற் பிறந்த பேய் வேறு. புலவன் படைத்த பேய் வேறு. பிணியுற்ற பெண்ணொருத்தியை மருத்துவரிடம் கொண்டு செல்லாது, உடுக்கை முழக்கி வேப்பிலையால் அடிக்கச் செய்வது முன்னைய பேய். கல்வி அதனை ஓட்டியே தீரவேண்டும். பின்னையது அத்தகையதன்று. ஆங்கிலப் புலவராகிய சுவிப்டு என்பார் 1726-ஆம் ஆண்டில் விரலளவு மாந்தரையும் அறிவுடைய குதிரைகளையும் படைத்து, அவற்றின் வாயிலாகத் தம் நாட்டாரின் குறைகளைக் காட்டினார். அந்நூலைப் படிக்கும் மாணவர் எவரும் அத்தகைய குதிரைகள் உண்டோ என்று கேட்பதில்லை. அவை யாரைக் குறிக்கின்றன என்றே கேட்கின்றனர். அவர்க்கு அறுநூறு ஆண்டுகட்கு முன்னரே செயங்கொண்டார் படைத்த கூளிகளையும் நாம் அவ்வாறே நோக்குதல் வேண்டும்.

கூளிகளுக்கு அரசி காளி. அத்தெய்வம் நம் பகுதிக்குப் புதியதன்று. கூத்தப்பெருமானொடு ஆடித் தோற்றுத் தில்லையின் வடவெல்லையிற் சென்றமர்ந்தாள் என்பது சிதம்பரத்துச் சிறுவரும் அறிந்த கதை. அவள் கோயிலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிற் கட்டியவன் காடவ மன்னனாகிய கோப்பெருஞ்சிங்கன் என்பர். பரணி கூறும் காளியோ பாலைநிலத்துக் காட்டின் நடுவே கூளிகள் சூழ வீற்றிருக்கின்றாள். அக்கூளிகள் பசியே உருவெடுத்தவை. பனங்காடு போன்ற கைகால்களும், மலைமுழை போன்ற வாயும், ஒட்டி உலர்ந்த வயிறும் உடையவை. அவற்றுள் ஒன்று முடம். பழைய போர்க்களமொன்றில் மூளைச் சேற்றில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. மற்றொன்று கை இழந்தது. பல்லாகிய அரிசியைக் குற்றுங்கால் யானைக்கொம்பாகிய உலக்கை பட்டு நேர்ந்த ஊனம் அது. தொழில் செய்யுமிடத்து வரும் துன்பத்தைப் பேய்க்கும் வைத்துப் பாடிய புலவனது கண்ணை என்னென்பது!

இச்சமுதாயத்தில் முறையீடு உண்டு. கூளிகள் ஒன்றுகூடிக் காளியின்முன் நின்று பசிக்கொடுமையை எடுத்துரைக்கும் பகுதிக்குப் ‘பேய் முறைப்பாடு’ என்றே பெயர். கல்வியும் உண்டு. இமயத்திலிருந்து திரும்பிய முதுபேய் ஒன்று, தான் கற்றுவந்த இந்திரசாலத்தை அரசியின்முன் அரங்கேற்றுகின்றது. எல்லாவற்றினும் மேலாக விருந்து உண்டு. ஏறத்தாழ 1110-ஆம் ஆண்டில், முதற்குலோத்துங்கசோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றபின், அக்களத்திற் கூளிகள் கூழ் அடுகின்றன. அதற்குமுன் அவை யானைக்கொம்பாற் பல் விளக்குகின்றன, விலாவெலும்பால் நா வழிக்கின்றன, குருதியாற்றில் நீராடுகின்றன. உண்டபின் குதிரைச் செவியை வெற்றிலையாகவும், குளம்பின் துணுக்கைப் பாக்காகவும், கண்மணியைச் சுண்ணாம்பாகவும் கொண்டு தாம்பூலமும் தரிக்கின்றன. நம் வீட்டுத் திருமண விருந்தின் ஒழுங்கு ஒன்றேனும் அங்குக் குறைந்திலது.

பந்தியில் அமர்ந்திருப்பவர் யாவர்? பார்ப்பனப் பேய் உண்டு. சமணப் பேய் உண்டு. புத்தப் பேய் உண்டு. சமணப் பேய் ஒருபொழுதே உண்ணும் நோன்புடையதாகலின், அதற்கு மயிர் கலவாமல் வடித்த கூழை வார்க்கச் சொல்கின்றனர். குருட்டுப் பேயின் கலத்தைக் கள்ளப் பேயொன்று ஒளித்துவிட்டது. தடவித் தடவிக் காணாது அரற்றும் அதற்குக் கையிலேயே கூழ் வார்க்கப்படுகின்றது. ஊமைப் பேய் தன் வயிற்றையும் கூழ்ப்பானையையும் மாறிமாறிக் காட்டுகின்றது. அதன் குறிப்பும் உணரப்படுகின்றது. ஓட்டைக்கலத்தைக் கவிழ்த்துப் பார்த்து உள்ளதையும் சிந்திவிட்டுத் திகைத்திருக்கும் மூடப் பேய்க்கும் மீண்டும் வார்க்கின்றனர். கருவுற்ற பேய்க்கு ஒரு பங்கு. விருந்தாய் வந்த பேய்க்கு ஒரு பங்கு. இரவிற் கனாக்கண்ட பேய்க்கு நாளைக்கும் ஆகுமாறு குதிரைத்தோலிற் பொதிந்து வைக்கின்றனர்.

நகைச்சுவைக்காகப் பாடப்பெற்றதே இப்பகுதி என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், நகைத்து முடித்தபின் நெஞ்சிற் சிறிது உறுத்தலும் தோன்றுகின்றது. சமயம் பற்றிய வேறுபாடு இருந்தும் ஒருவரும் அப்பந்தியினின்று எழுப்பப்படவில்லை. குருடும் ஊமையும் பேதையும் கடைசிவரை காத்திருந்து எச்சிலைப் பொறுக்கவில்லை. நம்மவர் விருந்துகளில், பந்தலின் புறத்தே நின்று இலை எறியப்படுங் காலத்தை நோக்கியிருந்த மனிதர்களை எத்தனை தலைமுறையார் கண்டு வாளாவிருந்தனர்! பேய்களின் பந்தி மக்கட்பந்தியை நாணச் செய்கின்றது.

இம்மட்டில் நிறுத்திக்கொண்டால், கூளியினத்தை நாம் புகழ்ந்தே முடிக்கலாம். ஆனால், பானைக்குள் இருப்பது யாது என்று எட்டிப் பார்ப்பவர்க்குப் புகழ்ச்சி தொண்டையில் நின்றுவிடும். அரிசி என்றது வீரர்களின் பல். கூழ் என்றது அவர்களின் நிணமும் மூளையும். கலிங்கத்தான் திறை செலுத்தத் தவறினான் என்பது போருக்குக் கூறப்பெற்ற காரணம். அத்திறையின் கணக்கைப்பற்றி ஏதும் அறியாத வீரர்களே உரலில் அரிசியாயினர். கூளிகளின் முறையீட்டையும் மீண்டும் நோக்குக. சோழன் பகையரசரிடம் திறை பெற்றுக்கொண்டு அவர்க்கு அருள்கின்றான். நமக்கு இரங்குகின்றிலன் என்பதே அவற்றின் மனக்குறை. உலகிற்கு அமைதியாவது அவ்வினத்திற்குப் பஞ்சம். தம் பந்திக்குள் இத்துணை இரக்கமுடைய கூளிகள், அப்பந்திக்கு உணவானவரைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதுபேய் இந்திரசாலத்தாற் பொய்ப்போர்க்களம் ஒன்றைத் தோற்றுவித்தபோதும், பசித்த கூளிகள் அதனை மெய்யென மயங்கிப் பாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. போர் என்ற பெயர் கேட்ட அளவிலேயே துள்ளியெழும் கூட்டம் பேய்களுள் மட்டுமா உள்ளது?

நம் கடலூர் மண்ணே இதற்குச் சான்று பகரும். தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்காக ஆங்கிலரும் பிரெஞ்சியரும் பொருததும், 1758-இல் லாலி என்பான் அதனைக் கைப்பற்றியதும் வரலாறு. அதனினும் கொடியது 1783-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு சூன் திங்களிற் கடலூரை ஆங்கிலப்படை முற்றுகையிட்டது. உள்ளே பிரெஞ்சுப்படை புசி என்பானின் தலைமையில் நின்றது. சூன் 13-ஆம் நாள் நடந்த கடும்போரில் இருதிறத்தும் நூற்றுக்கணக்கானோர் மாண்டும் புண்பட்டும் வீழ்ந்தனர்; வெள்ளையரோடு நம் நாட்டுச் சிப்பாய்களும் இருபடையிலும் இருந்தனர். ஆயின், அவ்விரு நாட்டாரும் சமாதானத்திற்கு அடிகோலும் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டதோ அவ்வாண்டு சனவரித் திங்களில்! செய்தி கடல்கடந்து வந்துசேர்ந்தது சூன் முடிவில். எவர் பொருட்டு, எதன்பொருட்டு வீழ்ந்தனர் அம்மாந்தர்? இன்று கடற்கரையில் உலாவுவோர் கால்படும் மணல் இதற்கு விடை கூறாது. செயங்கொண்டார் அன்று இருந்திருப்பின், கெடிலத்தின் கரையிலும் கூளிகள் அடுப்பு மூட்டியிருக்கும்.

போரில் வந்தது அறமாக மாறுவதும் உண்டு. குலோத்துங்கனின் தானைத்தலைவருள் மற்றொருவனாகிய நரலோகவீரன் சிதம்பரத்திலும் திருவதிகையிலும் செய்த திருப்பணிகளை அவ்வூர்க் கோயில்களிலுள்ள வெண்பாக் கல்வெட்டுக்கள் இன்றும் கூறுகின்றன. அப்பணிகளை நாம் குறைத்துப் பேசோம். அவற்றின் நிழலில் இளைப்பாறினோர் எண்ணிறந்தோர். ஆயினும் ஒரு கையாற் கொடுப்பதைக் கொண்டு மற்றொரு கையாற் கொண்டதை மறந்துவிடலாகாது என்பதே நம் கருத்து.

இனிப் பூதத்தைக் காண்போம். சிதம்பரத்தினின்று கொள்ளிடத்தைக் கடந்து தெற்கே சென்றால், காவிரி கடலோடு கலக்குமிடத்தில் உள்ளது புகார். அந்நகரின் நாற்சந்தியில் இருந்து காவல் புரிந்தது சதுக்கப்பூதம். பொய்த்தவக் கோலத்தாரையும், பிறர்மனை விரும்புவாரையும், பொய்க்கரி கூறுவாரையும், புறங்கூறுவாரையும், அறந்திறம்பிய அமைச்சரையும் பாசக்கயிற்றாற் கட்டிப் புடைத்துண்பது அதன் தொழில். அதுவும் மனிதரை உண்பதே. ஆனால், உண்ணுமுன் ஒரு வினாவைக் கேட்கின்றது. இவன் குற்றவாளியா என்பதே அவ்வினா.

அப்பூதத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டுவது, மாடலன் என்னும் மறையோன் கோவலனுக்கே நினைவூட்டும் பழஞ்செய்தி. கற்புடைய பெண்ணொருத்தியின்மீது பழிசுமத்தி அவள் கணவனிடம் பொய்க்கரி புகன்றான் ஒருவன். பூதத்தின் பாசத்தில் அகப்பட்டான். அவனைப் பெற்றவள் படுந்துயரம் காணப்பொறாத கோவலன், பாசத்தினுள் தான் புகுந்து, அவனை விடுத்துத் தன்னுயிரைக் கொள்ளுமாறு வேண்டினான். பூதம் மறுத்தது. கீழ்மகன் உயிருக்கு ஈடாக நல்லோன் ஒருவன் உயிரைக் கொண்டு, தனக்குரிய நற்கதியை இழக்கும் இயல்பு தன்னிடம் இல்லை என்றது. வலியக் கைக்கு வந்த இரையை, அது குற்றமற்றது என்னும் ஒரே காரணத்தால் விலக்கிய அப்பூதத்தை, எதிர்ப்பட்டதனைத்தையும் பானையிலிட்ட கூளிகளோடு ஒருங்கு வைத்து எண்ணல் இயலுமோ?

பூதத்தின் அறம் கடுமையானது. பெற்றவள் கண்ணெதிரே மைந்தனைக் கொன்றது அன்றோ என்பார்க்கும் நம் விடை உண்டு. அக்கடுமையை நாம் போற்றவில்லை. இளங்கோவடிகளும் கதையை அவ்விடத்தோடு முடித்துவிடவில்லை. அழுதுநின்ற அத்தாயுடன் கோவலன் சென்று, அவள் சுற்றத்தார்க்குப் பொருள் தந்து, பல்லாண்டு காத்தான் என்று தொடர்கின்றார். குற்றவாளியின் குடும்பம் குற்றவாளியன்று என்று உணர்ந்து, தன் இனத்தவரல்லாதார்க்கும் கைகொடுத்தது மனிதன் செய்தது. பூதம் நிறுத்திய இடத்தினின்று அவன் தொடங்கினான். எரிகோவுக்குச் செல்லும் வழியிற் குற்றுயிராய்க் கிடந்த வேற்றினத்தானைத் தூக்கிச் சென்ற சமாரியனின் உவமையைக் கேட்டு வளரும் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விரண்டு இனங்களும் நம் மாணவர்க்கு இன்று வேண்டப்படுவன ஏன் எனின், நம்மில் அன்பு இல்லை என்று கூறுதற்கிடமில்லை. அன்பின் எல்லையே குறுகியுள்ளது. தம் குலத்தார் பிள்ளைகட்கு விடுதி கட்டுவாரும், தம் ஊரார்க்குச் சத்திரம் அமைப்பாரும், தம் உறவினரின் துயரங்கண்டு உறங்காதாரும் நம்மிடையே ஏராளம். அவர்களுள் பலர் பந்திக்குள் இருப்பவரின் ஊமைக்குறிப்பையும் உணரவல்லார். பந்திக்கு வெளியே நின்று அலறுவானின் குரலோ அவர் செவியில் வீழ்வதில்லை. தம்மவன் தவறிழைத்தால் அதனை மறைக்கப் பொய்க்கரி கூறவும் சிலர் பின்வாங்கார். அதனை இனப்பற்று என்றும் பெயரிட்டு அழைப்பர். செயங்கொண்டாரின் கூளிகளுக்கும் இத்தகைய இனப்பற்று நிறையவே இருந்தது. அதனை மட்டும் கொண்டு அவை மக்களாகிவிடவில்லை.

இக்கல்லூரியினின்று வெளியேறுவோருள் நாளை ஒருவர் நீதிமன்றத்திற் கரி விசாரிப்பார். ஒருவர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பிரிப்பார். ஒருவர் பள்ளியிற் பிள்ளைகளை வரிசையில் அமர்த்துவார். அவர் மேசையின்முன் குருடும் ஊமையும் பேதையும் வந்து நிற்குங்கால் கூளிகள் காட்டிய பரிவில் ஒரு பங்கேனும் அவர்க்கு வேண்டும். அதனோடு, தாம் உண்ணும் கூழ் எவருடைய களத்தில் அடப்பட்டது என்று கேட்கும் துணிவும், தமக்கு நன்மை பயப்பதாயினும் குற்றமற்றவன் தலையில் வீழும் எதனையும் பூதத்தைப்போல் மறுக்கும் உறுதியும் வேண்டும். பேய்க்கு அஞ்சுவது அறியாமை; பேயினிடமிருந்தும் கற்க மறுப்பது அதனினும் பெரிய அறியாமை. பந்தி பெரிதாகட்டும், அதன்பொருட்டு எவனும் பானைக்குள் வீழாதிருக்கட்டும்.