தூங்காதவர்களின் கவிதை



தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளைக்கு 'போர்' என்று தலைப்புக் கிடைத்தால் நாம் என்ன எழுதிக் கொடுக்கிறோம்? வாள், குருதி, வெற்றி, கடைசியில் ஒரு சமாதானப் புறா. போருக்குப் போய் வந்தவரின் தூக்கம் அதில் எங்காவது வருகிறதா?

1917இல் வில்ஃபிரட் ஓவன் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, முதலாம் உலகப் போர்முனையில் மனம் குலைந்து எடின்பரோ ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். அங்கே டொக்டர் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. ஆஸ்பத்திரிச் சஞ்சிகைக்கு ஆசிரியராக்கினார், எழுதச் சொன்னார். நச்சுவாயுவில் மூச்சுத் திணறிய தோழன் கனவில் திரும்பத் திரும்ப வருவதை ஓவன் கவிதையாக எழுதியது அங்கேதான். பிறகு போர்முனைக்குத் திரும்பி, 1918 நவம்பர் 4இல் இறந்தார். ஒரு கிழமையில் போர் முடிந்தது. ஊரே மணியடித்துக் கொண்டாடிய அன்றுதான் தாய்க்குத் தந்தி வந்தது.

இப்படியான கவிதை நம்மிடமும் இருக்கிறது. 1985இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு போரில் அகப்பட்ட சனங்களின் மனதைச் சொன்னது. 1991இல் ஆனையிறவில் இறந்த போராளி கப்டன் வானதி, தான் எழுதாமல் விட்டதை இருப்பவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டு ஒரு கவிதை விட்டுப் போனார்.

போர்க் காலத்தில் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிய நாட்கள் ஞாபகம் இருக்கும். துவக்கோடு நின்ற பெடியனுக்கும் இருபது வயதுதான். நாம் பயந்தோம், பயப்படக் காரணமும் இருந்தது. ஆனால் அவன் இரவில் என்ன கனவு கண்டான்? அவனுடைய அம்மாவுக்குத் தெரியுமா?

2009இல் இங்கே போர் முடிந்தது. தீபாவளிக்குக் கொட்டாஞ்சேனையில் வெடி கொளுத்தினால் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் மாமாமார் இன்னும் இருக்கிறார்கள். "அவருக்குப் பொல்லாத கோபம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது கோபம்தானா?

'எல்லாம் முடிஞ்சுதே, மறவுங்கோ' என்று அவர்களுக்குச் சொல்லாதீர்கள். நல்ல போர்க் கவிதை ஒன்றைப் பிள்ளைகளோடு இருந்து வாசியுங்கள். புத்தகம் தேடுவோர் வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் பேசாமல் இருக்கும் ஒருவர் கொப்பியில் ஏதும் எழுதத் தொடங்கினால், கேட்காமல் எடுத்து வாசிக்க வேண்டாம். அவராக விரும்பினால் எங்களுக்கு அனுப்பட்டும். பெயர் போடாமலே பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்