12,000 ரிங்கிட் பைனாக்குலர் யாருக்காக?

ஒரு பொருளின் விலை பத்து மடங்கு உயர்ந்தால் அதன் பயனும் பத்து மடங்கு உயருமா? எங்கள் பல்கலைக்கழக இயற்கைக் கழகத்தில் ஒரு மாதமாக நடக்கும் விவாதம் இதைப் பற்றியதுதான்.

மூன்று ஆண்டுகளாக விழாக்களில் நாசி லெமாக்கும் முறுக்கும் விற்றுச் சேர்த்த பணம், முன்னாள் மாணவர்களின் நன்கொடை எல்லாம் சேர்ந்து கழகத்தின் கையிருப்பு 12,000 ரிங்கிட்டைத் தொட்டிருக்கிறது. பறவைகளைப் பார்க்கப் பைனாக்குலர் வாங்க வேண்டும். உலகின் உச்சத் தரத்தில் ஒன்றே ஒன்று வாங்குவோம் என்கிறார்கள் மூத்த மாணவர்கள் சிலர். நடுத்தர விலையில் ஏழெட்டு வாங்குவோம் என்பது என் கட்சி.

அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோத்தா திங்கி அருகே இருக்கும் பந்தி காட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். காலை ஏழேகால் மணிக்கு வெளியே வெளிச்சம் வந்திருக்கும். மரங்களுக்கு அடியில் இன்னும் இருட்டாகவே இருக்கும். தீக்காக்கை போன்ற பறவைகள் அந்த நிழலில்தான் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அங்கே நல்ல கண்ணாடி உதவும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எவ்வளவு உதவும், அதற்கு என்ன விலை என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

பைனாக்குலரில் 8x42 என்று எழுதியிருந்தால், அது எட்டு மடங்கு பெரிதாக்கும். முன்பக்க வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். கைப்பைக்குள் அடங்கும் 8x25 கருவியில் அது 3.1 மட்டுமே. இருட்டில் நம் கண்ணின் பாவை விரிகிறது. அப்போது 42 மில்லிமீட்டர் வில்லை, 25 மில்லிமீட்டர் வில்லையைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு அதிக ஒளியைச் சேகரிக்கும். இந்த வேறுபாடு நிறுவனத்தின் பெயரால் வருவதன்று, வில்லையின் அளவால் வருவது. ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட் 8x42-இலும் அதே 5.25 தான்.

அப்படியானால் உச்ச விலை எதற்கு? உள்ளே விழும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அந்தக் கருவிகள் கண்ணுக்குக் கொண்டுவருகின்றன. நல்ல நடுத்தரக் கருவிகள் 80 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுவருகின்றன. ஒளி 2.8 மடங்கானால் நம் கண் உடனே உணரும். 80 விழுக்காடு 90 ஆனால், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதோடு படத்தின் ஓரம் வரை தெளிவு, எதிர்வெயிலில் கூச்சம் குறைவு, மணிக்கணக்கில் பார்த்தாலும் கண் சோராமை ஆகியவையும் கிடைக்கும். இவை உண்மையான மேன்மைகளே. ஆனால் கடைசிச் சில விழுக்காட்டுக்காகத்தான் பெரும்பகுதி விலையைக் கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூச்சு இல்லாத கண்ணாடி, ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு பைனாக்குலரில் இப்படிப் பதினாறு பரப்புகள் இருந்தால் பாதி ஒளிதான் மிஞ்சும். இந்த இழப்பைக் குறைக்கும் பூச்சை 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கினார். நேரான குழாய் வடிவப் பைனாக்குலர்களின் பட்டகத்தில் படத்தைக் கூர்மையாக்கும் இன்னொரு பூச்சை அதே நிறுவனம் 1988-இல் கொண்டுவந்தது. தொடக்கத்தில் இவை விலை உயர்ந்த கருவிகளுக்கே உரியவை. இன்று 1,000 முதல் 2,000 ரிங்கிட் வரையிலான கருவிகளில் இரண்டுமே சாதாரணம். நேற்றைய உச்சத் தரம்தான் இன்றைய நடுத்தரம். மாணவர்களுக்கு இது நல்ல செய்தி.

விவாதத்தில் ஓர் அண்ணா சொன்னார்: “வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைவிட அதன்மேல் பொருத்தும் ஸ்கோப்புக்கு அதிகம் செலவழிப்பார்கள். கண்ணாடியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.” சுவரோவ்ஸ்கி, சைஸ், லைக்கா ஆகிய மூன்றும் பைனாக்குலரோடு துப்பாக்கி ஸ்கோப்புகளும் செய்பவைதான். அந்தி மங்கும் கடைசி நிமிடங்களில் குறிபார்க்கும் ஐரோப்பிய வேட்டைக்காரருக்கு அந்தச் சில விழுக்காடு ஒளி பெரிய விஷயம். தவறாகச் சுட்டால் ஓர் உயிர் துடிக்கும். அவர் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு.

ஆனால் ஒலிம்பிக் ஏர் ரைபிள் போட்டியைப் பாருங்கள். அங்கே பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. சிறு துளை வழியாகத்தான் குறிபார்க்க வேண்டும். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர் அகலம் மட்டுமே. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இந்தப் பிரிவில்தான் தங்கம் வென்றார். நம் நாட்டின் நூர் சுர்யானி தாயிபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டதும் இதே பிரிவில்தான். அவர்களுடைய துப்பாக்கிகள் மலிவானவை அல்ல. ஆனாலும் அந்தப் புள்ளியை அடையச் செய்தது பல்லாயிரம் முறை செய்த பயிற்சி. பறவை பார்ப்பதும் அப்படித்தான். எந்தக் கிளையில் தேடுவது, எந்தக் குரலுக்கு நிற்பது என்பதைக் கண்ணாடி சொல்லித் தராது. கையில் ஒரு கருவியோடு திரும்பத் திரும்பப் போனால்தான் அது வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பந்தியில் ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்யும் ஒரு வழிகாட்டி 12,000 ரிங்கிட் கருவியைப் பத்தாண்டு பயன்படுத்தினால், நாளொன்றுக்கு 4 ரிங்கிட். அவருக்கு அது செலவே அல்ல, முதலீடு. எங்கள் கழகம் மாதம் ஒருமுறை வெளியே போகிறது. பத்தாண்டில் 120 பயணம். பயணத்துக்கு 100 ரிங்கிட். ஒரே கருவி, ஒரே விலை. ஆனால் அவருக்கு மலிவு, எங்களுக்கு ஆடம்பரம்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. ஒரு பயணத்துக்கு இருபது பேர் வருகிறோம். தீக்காக்கை கிளையில் ஐந்து நிமிடம் இருந்தாலே அதிர்ஷ்டம். ஒரே பைனாக்குலர் என்றால் அது முதலில் யார் கைக்குப் போகும்? மூத்தவர்கள் கைக்குத்தான். முதலாம் ஆண்டு மாணவர்கள் “ஆமாம், அழகாக இருந்தது” என்று பிறர் சொல்லக் கேட்டுத் திரும்புவார்கள். பி.டி.பி.டி.என். கடனில் படிப்பவர் சொந்தமாக ஒன்று வாங்கப் போவதில்லை. அவருக்காகத்தானே கழகம்? அதுமட்டுமல்ல, 12,000 ரிங்கிட் பொருளைச் சேற்றுக்கும் மழைக்கும் கொண்டுபோக யார் துணிவார்கள்? தஞ்சோங் பியாய் அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டியது அலமாரிக்குள்ளேயே இருந்துவிடும்.

அலமாரி என்றதும் நம் ஜொகூர்க் காற்றின் ஈரம் நினைவுக்கு வருகிறது. பூட்டி வைத்த கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும், பூச்சையே அரித்துவிடும். அதற்கு விலை பேதம் தெரியாது. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கும் சிறு உலர்பெட்டி ஒன்று, எந்தக் கருவியின் ஆயுளையும் நீட்டும். என் கணக்கில் அதற்கும் இடம் உண்டு.

ஆகவே விலைச்சீட்டைப் பார்க்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை நாள் பயன்படுத்துவேன்? என் வேலை அந்தக் கடைசிச் சில விழுக்காட்டை நம்பி இருக்கிறதா? இந்தப் பணத்தில் வேறு யார், எதை இழக்கிறார்கள்? கேமராவுக்கும் மடிக்கணினிக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மலிவு என்பதற்காக எதையும் வாங்கிவிடவும் கூடாது. இணையத்தில் எண்பது ரிங்கிட்டுக்கு “50 மடங்கு” என்று விற்கும் பைனாக்குலர்களை நம்பாதீர்கள். அவ்வளவு பெரிதாக்கினால் கையின் நடுக்கமே படத்தைக் கலைத்துவிடும். கடைக்குப் போனால் விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்க்காமல், அனுமதி கேட்டு வெளியே நிழலான ஓர் இடத்தைப் பாருங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடே பாருங்கள்.

அடுத்த வாரம் கழகத்தில் வாக்கெடுப்பு. 1,400 ரிங்கிட் விலையில் எட்டு கருவிகள், மிச்சமுள்ள 800 ரிங்கிட்டில் ஓர் உலர்பெட்டி. இதற்குத்தான் என் வாக்கு. ஒருவர் மிகத் தெளிவாகப் பார்ப்பதைவிட எட்டுப் பேர் நன்றாகப் பார்ப்பது மேல்.