ரன்னர் போனால் பை குப்பையா?

எங்கள் குடியிருப்பின் குப்பைத்தொட்டி ஓரம் போன வாரம் ஒரு முதுகுப்பை கிடந்தது. துணியில் கீறல் இல்லை. தோள்வார், பக்கிள் எல்லாம் கெட்டியாக இருந்தன. ஜிப்பின் ரன்னர் மட்டும் பிடிக்கவில்லை. எறிந்தவர் மூன்றாம் மாடி இளைஞர். வார இறுதியானால் மலையேறக் கிளம்புகிறவர். கேட்டேன். “வேற வாங்கிட்டேன் அங்கிள். ஃபுல்லா ரீசைக்கிள் பண்ண மெட்டீரியல், சுற்றுச்சூழலுக்கு நல்லது” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நல்ல பையைக் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் புதுப் பை வாங்கினால் எந்தச் சூழலுக்கு நல்லது? பச்சை இலை அச்சிட்ட அட்டை தொங்கினால் போதும், வாங்குவதே புண்ணியம் என்று நகரத்தில் படித்தவர்கள் நம்பிவிடுகிறார்கள். கூடாரம், மழைக்கோட்டு, ஷூ, மூங்கில் ஸ்பூன் என்று பட்டியல் நீள்கிறது. அலமாரியில் ஏற்கெனவே இருப்பது எதுவும் அந்தப் பட்டியலில் வருவதில்லை.

பெட் பாட்டிலிலிருந்து துணி செய்வது பெரிய வித்தைதான். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீலநிற மேல்சட்டைக்கு அப்படிச் செய்த துணி கரூரிலிருந்துதான் போனது. நம் ஊர்த் தொழில்திறனில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பாட்டிலில் பிறந்தாலும் பாலியெஸ்டர் பாலியெஸ்டர்தான். துவைக்கத் துவைக்க நுண்ணிழை உதிர்ந்து சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகிறது. பாட்டிலாகவே இருந்தால் மறுபடி பாட்டிலாக்கலாம். சாயம் ஏறி, ஸ்பான்டெக்ஸ் கலந்து உடுப்பாகிவிட்டால், அதை மீட்டு இன்னொரு உடுப்பாக்குவது அபூர்வம்.

மழை ஒட்டாத துணியின் கதை இன்னும் மோசம். 2016இல் கிரீன்பீஸ் அமைப்பு மலையேற்ற உடைகளும் சாதனங்களுமாக 40 பொருள்களைச் சோதித்தது. மழை ஒட்டாமலிருக்கப் பூசும், எளிதில் அழியாத ஃபுளூரின் ரசாயனங்கள் இல்லாதவை நான்கே நான்கு. காட்டை நேசிப்பவர்களுக்கென்று விற்ற பொருள்கள் இவை!

எங்கள் பேருந்து நிலையத்துக்கு வெளியே பை தைப்பவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். ஜிப்பின் முனையில் இரண்டு தையலைப் பிரித்தார். தேய்ந்த ரன்னரைக் குறடால் நறுக்கி எறிந்தார். டப்பாவைக் கிளறி அளவான ரன்னர் ஒன்றைத் தேடியெடுத்து இருபுறப் பற்களிலும் ஏற்றினார். ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு முனையைத் தைத்து மூடினார். ஐம்பது ரூபாய். எந்த ஆலையும் ஓடவில்லை, சாயப்பட்டறைத் தண்ணீர் எந்த ஆற்றிலும் கலக்கவில்லை. இதைவிடச் சூழலுக்கு உகந்த பையை எந்த நிறுவனம் செய்து தரும்? அந்த மனிதருக்குக் கடை வைக்க இடமில்லை. நடைபாதையைச் சரிசெய்யும்போதெல்லாம் முதலில் விரட்டப்படுபவர் அவர்தான்.

விற்பவர்களுக்கே இந்த உண்மை தெரியும். மலையேற்ற உடைகள் விற்கும் படகோனியா நிறுவனம் 2011 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் தன் மேல்சட்டையின் படத்தைப் போட்டு, இதை வாங்காதீர்கள் என்று விளம்பரம் கொடுத்தது. அந்தச் சட்டையில் அறுபது சதவீதம் மறுசுழற்சிப் பாலியெஸ்டர். அப்படியும் ஒன்றைச் செய்ய 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நிறுவனமே அச்சிட்டது. ஐம்பது ரூபாய் ரன்னருக்கு எத்தனை லிட்டர் ஆகும்?

பை மட்டுமா? ஊர் ஊராக மாரத்தான் நடத்துகிறார்கள். ஓடும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாலியெஸ்டர் டி-ஷர்ட். மறுசுழற்சித் துணி என்று அதற்கு மேடையில் பாராட்டு வேறு. கேட்டது யார்? பழைய பனியனைப் போட்டுக்கொண்டு ஓடினால் கால் நகராதா? அலுவலகங்களில் தீபாவளிக்கு ஒரு ஸ்டீல் பாட்டில், சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒன்று. வீட்டுக்கு ஒன்று போதும் என்றிருந்த பொருள் இப்போது அடுக்களைப் பரண் முழுக்க நிற்கிறது.

வீசியெறியும் மதுப் பாட்டில் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் வற்புறுத்தியபின், 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. விற்ற பொருளுக்குப் பொறுப்பேற்பது சாராயக் கடைக்கு முடிந்தது, ஆயிரக்கணக்கில் விலை வைத்துப் பை விற்பவர்களுக்கு ஏன் முடியாது? விற்கும் ஒவ்வொரு பைக்கும் ரன்னர், பக்கிள், வார் ஆகியவற்றைப் பத்தாண்டுகளுக்குத் தனியாக விற்கச் சொல்லிச் சட்டம் போடட்டும். அதற்குத் தயாராக இல்லாத நிறுவனம் அந்தப் பச்சை இலையை அட்டையில் அச்சிடக் கூடாது.