முடியை இறக்கி வைத்த முனிவர்



பாப்பரசர்கள் பலரைப் புனிதர்களாகப் போற்றுகிறோம். அவர்களுள் ஐந்தே மாதங்கள் ஆட்சி செய்து, அவ்வாட்சியிலும் தவறி, தம் இயலாமையை உணர்ந்து பதவியைத் துறந்தவர் ஒருவர் உண்டு. அவரே புனித ஐந்தாம் செலஸ்தீன்.

1292 ஏப்ரல் 4-ஆம் நாள் பாப்பரசர் நான்காம் நிக்கொலாஸ் இறைவனடி சேர்ந்தார். அப்போதிருந்த கர்தினால்மார் 12 பேரே. எனினும், உரோமைப் பெருங்குடும்பங்களின் பகையால் அவர்கள் பிளவுபட்டு நிற்க, 27 மாதங்கள் திருச்சபை தலைவரின்றித் தவித்தது. இத்தாலியின் மொரோனே மலையில் தவமியற்றிய பேதுரு என்னும் முதிய துறவி, இத்தாமதம் இறைவனின் சினத்தை வருவிக்கும் என எச்சரித்து மடல் விடுத்தார். அம்மடல் கர்தினால்மாரின் உள்ளத்தை உலுக்கியது. 1294 ஜூலை 5-ஆம் நாள் அம்முனிவரையே அவர்கள் தெரிந்தெடுத்தனர்!

எண்பதை எட்டிய அக்குடியானவர் மகன், கழுதைமீது ஏறி லாக்குயிலா நகருள் புகுந்தார். ஆகஸ்டு 29-ஆம் நாள் அங்குள்ள தேவமாதா ஆலயத்தில் முடி சூடினார். மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து, ஆண்டுதோறும் அந்நாளில் அவ்வாலயத்தைச் சந்திப்போர்க்கெல்லாம் பரிபூரண பலன் அருளினார். அவ்விழா இன்றும் நடைபெறுகிறது.

ஆனால் செபத்தில் தேர்ந்தவருக்கு நிர்வாகம் கைவரவில்லை. நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்லஸ் அவரைத் தம் தலைநகரிலேயே தங்கச் செய்தார். மன்னரின் விருப்பமே பல நியமனங்களில் நிறைவேறியது. ஒரே பதவி பலருக்கு வழங்கப்பட்டுக் குழப்பம் மிகுந்தது. பாப்பரசரோ அரண்மனைக்குள் மரத்தால் சிற்றறை அமைத்து, அதில் தனித்திருந்து செபிக்க விழைந்தார்.

தமது நல்லெண்ணத்தால் மட்டும் திருச்சபை நடவாது என்பதை அவர் கண்டார். சட்டம் அறிந்தோரைக் கலந்து, டிசம்பர் 13-ஆம் நாள் கர்தினால்மார் முன்னிலையில் பதவி துறந்து, மீண்டும் துறவியின் ஆடையை அணிந்தார்.

குகைக்குத் திரும்பும் ஆசை நிறைவேறவில்லை. அவரை முன்னிறுத்திச் சிலர் பிளவு விளைப்பரோ என அஞ்சினார் அடுத்த பாப்பரசரான எட்டாம் போனிபாஸ். தப்பிச் சென்ற முதியவரைப் பிடித்துவரச் செய்து, பூமோனேக் கோட்டையில் காவலில் வைத்தார். அங்கேயே 1296 மே 19-ஆம் நாள் செலஸ்தீன் உயிர் நீத்தார். 1313-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. 2009-இல் அவரது கல்லறைமீது தம் தோள்துகிலை வைத்துச் சென்ற பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட், 2013-இல் தாமும் பதவி துறந்தார்.

அன்பர்களே, பொறுப்பு கடினமானவுடன் அதை உதறிவிடுவது வேறு. நாம் பற்றிக்கொண்டிருப்பதால் பிறர் துன்புறுவதைக் கண்டு விட்டுக்கொடுப்பது வேறு. பங்குச் சங்கத்திலும் குடும்பத்திலும், “நான் இல்லாவிடில் ஒன்றும் நடவாது” என்னும் எண்ணம் நம்முள் எழுவதில்லையா? வளர்ந்த மகனிடம் சாவிக்கொத்தை ஒப்படைக்கத் தயங்கும் தந்தையும், மருமகளிடம் அடுக்களையை விடத் தயங்கும் தாயும் இம்முனிவரை நினைப்பார்களாக. விட்டுக்கொடுக்கும் வரத்தை அவர் நமக்காக மன்றாடிப் பெற்றுத் தருவாராக!