ஓடத் தெரிந்தவன் அடிப்பானா?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கார்ட்னர் என்று ஓர் ஊர். அங்கே பள்ளியில் படித்த பப்பா ஸ்டார்லிங், 2011-ல் மூன்று ஆட்டங்களில் பேர் வாங்கியிருந்தார். அமெரிக்கக் கால்பந்தில் அவர் குவார்ட்டர்பேக். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் அவருக்காக இடம் வைத்துக் காத்திருந்தது. கூடைப்பந்திலும் கெட்டி. பேஸ்பாலில் ஓட்டம், எறிதல், அடியின் வலு மூன்றும் ஒரே உடம்பில் அமைந்திருந்தன. உயரம் ஆறடி நாலு அங்குலம். அவர் வீட்டுக்குப் பக்கத்து நகரமான கான்சஸ் சிட்டியின் ராயல்ஸ் அணி, இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டு டிராஃப்டில் ஐந்தாவது ஆளாக அவரை எடுத்து 75 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது.

அதே டிராஃப்டில் 172-வது ஆளாக ஒருவரை பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி எடுத்தது. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரப் பையன். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். பவுலிங் எனப்படும் உருட்டுப்பந்து ஆட்டத்திலும் கெட்டிக்காரர். அவர் பெயர் மூக்கி பெட்ஸ்.

மூன்றே ஆண்டுகளில், 2014-ல், பெட்ஸ் பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக் அணிக்கு வந்துவிட்டார். 2018-ல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. ஸ்டார்லிங் மேஜர் லீகை எட்டவே 2019 ஜூலை வரை ஆனது. இரண்டு பருவங்கள் ஆடினார், சராசரி .204. ஆயிரம் முறை அடிக்க நின்றால் 204 முறைதான் பந்து பலன் தரும் என்று அதற்குப் பொருள். ஹோம் ரன் ஐந்து.

ராயல்ஸ் அணியினர் கண்மூடித்தனமாகத் தேர்ந்தார்கள் என்று இதை வைத்துச் சொல்வது அநியாயம். அன்று ஸ்டார்லிங்கைப் பார்த்த யாரும் அவர் திறமையைச் சந்தேகிக்கவில்லை. அவர்கள் கண்ணால் கண்டதெல்லாம் உண்மை. காண முடியாத ஒன்றில்தான் கணக்கு தவறியது. உடல்திறன் மிகுந்த ஓர் இளைஞனைப் பார்த்து, இவன் எவ்வளவு தூரம் போவான் என்று எடைபோடுவது எப்படி? அது ஏன் இவ்வளவு கடினம்? நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்கவுட் எனப்படும் ஆள் தேடுபவர்கள் ஓர் இளைஞனை ஐந்து திறன்களில் அளக்கிறார்கள்: பந்தைத் தொடர்ந்து சரியாக அடிப்பது, தூரமாக அடிக்கும் வலு, ஓட்டம், எறிதல், தடுப்பாட்டம். ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. 60 நல்ல திறன், 70 மிக நல்ல திறன். 80 அபூர்வம். பள்ளிப் பையனுக்கு 50 கொடுத்தால், அது நம் பரீட்சைத்தாளின் பாதி மார்க்கைப் போன்றதில்லை. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் கூடும் இடத்தில் நடுவில் நிற்பவருக்குச் சமம் என்று அர்த்தம்.

இந்த ஐந்தில் சிலவற்றைக் கருவி அளந்துவிடும். 60 கஜ ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் போதும். எறியும் வேகத்தை ரேடார் துப்பாக்கி சொல்லும். மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தையும் இன்று கருவிகள் துல்லியமாகக் காட்டுகின்றன. முதல் திறன் மட்டும் கருவிக்கு எளிதில் அகப்படுவதில்லை. அது உடம்பில் பாதி, கண்ணிலும் மனதிலும் பாதி.

அடிக்க நிற்பவனின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். பந்து வீசுபவர் கால் ஊன்றும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல், அதாவது ஏறத்தாழ 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 நொடியில் வந்து சேர்ந்துவிடும். மட்டையைச் சுழற்றவே ஏறக்குறைய 0.15 நொடி போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கால் நொடிக்குள் இது நேராக வருகிறதா, கடைசியில் வளையுமா, 17 அங்குல அகலப் பிளேட்டுக்கு மேலே வருமா, விலகிப் போகுமா என்று கண்டுபிடித்து, அடிப்பதா விடுவதா என முடிவெடுக்க வேண்டும். நல்ல வீச்சாளரின் ஸ்லைடர் பாதி தூரம் வரை வேகப்பந்து போலவே வந்து பிறகு விலகும். கிரிக்கெட்டில் விலகிப் போகும் பந்தை நாள் முழுக்க விட்டுக்கொண்டே நிற்கலாம். இங்கே சுழற்றித் தவறவிட்டாலும், பிளேட்டுக்கு மேலே வரும் பந்தை விட்டாலும் ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் கதை முடிந்தது.

ஓட்டமும் தாவலும் இந்தக் கால் நொடியில் உதவிக்கு வராது. மைக்கேல் ஜோர்டானைவிடப் பெரிய உடல்திறன் யாருக்கு உண்டு? கூடைப்பந்தின் உச்சத்தில் இருந்தபோது அதை விட்டுவிட்டு 1994-ல் பர்மிங்காம் பேரன்ஸ் என்ற இரண்டாம் நிலை மைனர் லீக் அணியில் ஆடினார். 127 ஆட்டங்களில் 30 பேஸ்களைத் திருடினார், அதாவது அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார்; கால் வேகம் அவரைக் கைவிடவில்லை. சராசரியோ .202. ஸ்ட்ரைக் அவுட் 114 முறை. மனதார உழைத்தவர்தான். ஆனால் சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பழக வேண்டிய கண்ணை 31 வயதில் ஓராண்டில் உண்டாக்கிக்கொள்ள முடியவில்லை.

பள்ளி ஆட்டத்தில் இந்தக் குறை ஏன் தெரிவதில்லை? அங்கே பெரும்பாலான வீச்சாளர்களிடம் அந்த வேகமும் கிடையாது, வளைவும் கிடையாது. வலுவான பையன் தாமதமாக முடிவெடுத்தாலும் கை வேகத்தால் சமாளித்துவிடுவான். தவறாக வீசிய பந்தை வேலிக்கு வெளியே அனுப்புவான். பார்ப்பவர்கள் வாய்பிளப்பார்கள். அவனுடைய உடம்பே அவன் கண்ணின் குறையை மூடி மறைத்துவிடுகிறது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்போம். இந்த ஆட்டத்தில் முளையில் தெரிவது பயிரின் செழிப்பு மட்டும்தான். மணி பிடிக்குமா, பதராகுமா என்பது கதிர் வந்த பிறகே தெரியும்.

அப்படியானால் உடல்திறனுக்கு மதிப்பே இல்லையா? நிச்சயம் உண்டு. இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, வேகமாக ஓடி நன்றாகப் பந்து பிடிக்கும் இளைஞன் சுமாராக அடித்தாலும் ஓர் அணிக்குப் பயன்படுவான். அவன் விழுந்தாலும் தாங்க ஒரு தளம் இருக்கிறது. இரண்டு, தேர்ந்த உடம்பு சொன்னதைக் கேட்கும். ஆரன் ஜட்ஜ் 2016-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்தபோது 84 முறை அடிக்க நின்று 42 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். சராசரி .179. ஆறடி ஏழு அங்குல உயரத்துக்கு இந்த ஆட்டம் சரிவராது என்று பேச இடமிருந்தது. குளிர்காலத்தில் மட்டை சுழற்றும் முறையைத் திருத்திக்கொண்டு வந்தார். அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன். 2022-ல் 62.

டொமினிக்கன் குடியரசின் எல்லி டி லா குரூஸ் இன்னொரு பாடம். சின்சினாட்டி ரெட்ஸ் அணி 2018-ல் அவரை வெறும் 65,000 டாலருக்கு எடுத்தது. 2024-ல் மேஜர் லீகிலேயே அதிகமாக 67 பேஸ்களைத் திருடியவர் அவர்தான். அதே ஆண்டில் அதிக முறை, 218 தடவை, ஸ்ட்ரைக் அவுட் ஆனவரும் அவரேதான். உடல்திறனின் வரமும் விலையும் ஒரே பெயருக்கு எதிரே, ஒரே வரியில் பதிவாகியிருக்கின்றன.

ஆகவே ஓர் இளைஞனை எடைபோடும்போது எதைப் பார்க்க வேண்டும்? முதலில் அவன் எதை அடிக்கிறான் என்பதைவிட எதை விடுகிறான் என்று பாருங்கள். பெட்ஸைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பாஸ்டன் அணி அவருக்குக் கணினியில் ஒரு சோதனை வைத்தது. திரையில் பந்து தோன்றும். தையல் ஒரு பக்கமாக இருந்தால் உடனே விசையை அழுத்த வேண்டும். வேறு பக்கமாக இருந்தால் கையை அசைக்கக் கூடாது. பந்தை அறிவது, அறிந்ததும் கையைக் கட்டுப்படுத்துவது, இரண்டும் அந்த ஒரு சோதனையில் அடங்கிவிடுகின்றன. 2012-ல் மைனர் லீகில் 71 ஆட்டங்கள் ஆடி ஒரு ஹோம் ரன்கூட அடிக்காதவர் பெட்ஸ். மேலோட்டமாகப் பார்ப்பவர் கைவிட்டிருப்பார். 2013-ல் அவர் 81 முறை பந்துகளை விட்டே 'வாக்' பெற்று முதல் பேஸுக்குப் போனார். ஸ்ட்ரைக் அவுட் 57 முறைதான். 15 ஹோம் ரன்களும் பின்னாலேயே வந்தன.

அடுத்து, ஏமாந்த பந்து மறுபடி வரும்போது என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஸ்லைடருக்கு ஒருமுறை ஏமாறுவது குற்றமல்ல. எட்டாம் இன்னிங்ஸிலும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் அதே பந்துக்கு ஏமாறுகிறானா என்பதே கேள்வி. வயதையும் எதிரணியின் தரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 19 வயதில் 22 வயதுக்காரர்களுக்கு எதிராகத் தடுமாறுவதும், 23 வயதில் 20 வயதுக்காரர்களை அடித்து நொறுக்குவதும் வேறு வேறு.

கடைசியாக உடல்நலம். மினசோட்டா ட்வின்ஸ் அணியின் பைரன் பக்ஸ்டன் 2012 டிராஃப்டில் இரண்டாவது ஆள். காற்றைப் போல ஓடுவார். 2017-ல் 140 ஆட்டங்கள் ஆடினார். அதன்பின் ஒரு பருவத்தில் 100 ஆட்டங்களைத் தாண்ட 2024 வரை ஆயிற்று. பெரும்பாலும் காயங்களால்தான். களத்தில் நிற்பதும் ஒரு திறன்தான்.

ஸ்கவுட்டின் அறிக்கையில் ஒவ்வொரு திறனுக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும்: இன்றைய மதிப்பெண் ஒன்று, நாளை எட்டக்கூடியது இன்னொன்று. 'அடித்தல் 25/50' என்று எழுதியிருந்தால் நம் கண் இயல்பாக 50-க்கே போகும். அந்த எண்ணில் நம்பிக்கை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள 25 புள்ளி இடைவெளிதான் அந்தப் பையன் கடக்க வேண்டிய வருடங்கள்: ராத்திரிப் பேருந்துப் பயணங்கள், மலிவு விடுதிகள், நூற்றுக்கணக்கான ஸ்ட்ரைக் அவுட்கள். இடைவெளி எவ்வளவு பெரிதோ, கணிப்பும் அவ்வளவு சந்தேகத்துக்குரியது. நேர்மையான ஸ்கவுட் இதை ஒளிக்க மாட்டார். இவன் நட்சத்திரமாகலாம், மேஜர் லீகைத் தொடாமலும் போகலாம் என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவார். அதை மழுப்பல் என்று நினைக்க வேண்டாம். பதினெட்டு வயதுப் பையனைப் பற்றிச் சொல்லக்கூடிய உண்மை அவ்வளவுதான்.

இந்த உண்மை அணி முதலாளிகளைவிடப் பையனுக்கும் அவன் வீட்டாருக்கும்தான் அதிகம் தேவை. அடுத்த நட்சத்திரம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு தடுமாற்றமும் தான் செய்த துரோகம் போல அவனுக்குத் தோன்றும். சொந்த ஊர் அணியின் பெரும் பணத்தைத் தோளில் சுமந்த ஸ்டார்லிங் எட்டு ஆண்டுகள் மைனர் லீகில் போராடினார். பாதியில் விட்டுவிட்டுக் கால்பந்துக்குத் திரும்பவில்லை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் இடம்பெற்றார். அந்தப் பருவத்தோடு ஆட்டத்திலிருந்து விலகினார். அவரைத் தோல்வி என்று எழுதுபவர்கள், அவருடைய 18 வயதில் தாங்களே எழுதிய கணிப்பைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

திறமை மிகுந்த ஓர் இளைஞனை நீங்கள் பார்க்க நேர்ந்தால் வியந்து பாருங்கள், வியப்பதில் தவறில்லை. ஆனால் அவன் ஓட்டத்தைப் பார்த்த அன்றே முடிவு எழுதாதீர்கள். மூன்று ஆண்டுகள் பொறுத்து, நல்ல வீச்சாளருக்கு எதிரே நிற்கும்போது போய்ப் பாருங்கள். பிளேட்டை விட்டு விலகிப் போகும் அந்த ஸ்லைடரை அவன் அசையாமல் விட்டானென்றால், அன்றைக்கு எழுதுங்கள்.