மேசை ஒன்றே; பயிற்சியும் ஒன்றாகட்டும்!

“பெண் பிள்ளைகளுக்கு மேசைப் பந்து ஏற்ற விளையாட்டு, அதற்கு வலிமை தேவையில்லை” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாராட்டுப் போல ஒலிக்கும் இக்கூற்றில் முற்பாதி உண்மை, பிற்பாதி தவறு. அத்தவறு நம் உடல் நலத்தையே பாதிக்கிறது என்பது எங்கள் கருத்து.

முதலில் விதிகளை நோக்குவோம். வாலிபால் ஆட்டத்தில் ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். குண்டு எறிதலில் ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. மேசைப் பந்திலோ இத்தகைய சலுகை எதுவும் இல்லை. 2.74 மீட்டர் நீள மேசையும், 15.25 சென்டிமீட்டர் உயர வலையும், 2.7 கிராம் பந்தும் இருபாலார்க்கும் ஒன்றே.

உடல் மட்டும் ஒன்றல்ல. பருவ வயதுக்குப் பின் ஆண்களுக்குத் தசை வலிமை மிகுகிறது. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் சராசரியாக அவர்களுக்கே அதிகம். எனவே ஆண்கள் மேசையை விட்டு விலகி நின்றும் பந்தைச் சுழற்றி ஓங்கி அடிக்கின்றனர். பெண்கள் பெரும்பாலும் மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே திருப்பி அனுப்புகின்றனர். இதை மறைப்பதில் பயனில்லை. இதில் நாணவும் ஒன்றுமில்லை.

ஆனால், ஒட்டி நின்று ஆடுபவருக்கு வலிமை வேண்டாமா? அருகில் நிற்க நிற்கப் பந்து விரைந்து வரும். சிந்திக்க நேரம் குறையும். கால்கள் நொடியில் இடம் மாற வேண்டும். ஏழு செட்டுகள் வரை நீளும் ஆட்டமோ தாங்கும் திறனைக் கேட்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021ஆம் ஆண்டு முதன்முறையாக நடைபெற்ற கலப்பு இரட்டையர் போட்டியில், ஆண் அடித்த பந்தைப் பெண் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஜப்பானின் மிமா இட்டோ, ஜுன் மிசுதானியுடன் இணைந்து அதில் தங்கம் வென்றார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டின் ஐஹிகா முகர்ஜி, சுதீர்த்தா முகர்ஜி இருவரும் உலகச் சாம்பியன்களான சீன இணையை வீழ்த்தி, வெண்கலம் கொணர்ந்தனர். 2024இல் பாரிஸில் லக்சம்பர்க் நாட்டின் நீ சியா லியான் தம் 61ஆம் வயதில் ஒலிம்பிக் ஆட்டமொன்றை வென்றார்! வலிமையைப் பேணாமல் இவை கைகூடியிருக்குமா?

இயற்கை வகுத்த வேறுபாடு ஒரு பங்கு என்றால், நாமே உண்டாக்கிய வேறுபாடு மற்றொரு பங்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்த சோகை உடையவர்கள்; அதே வயது ஆண்களில் 31 பேர். மாதவிடாயின் காரணமாக இரும்புச் சத்து மிகுதியாகத் தேவைப்படுவது பெண்ணுக்கே. எனினும், எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் அவளுக்கே உரியதாக இருக்கிறது. அவள் இரண்டாம் செட்டிலேயே இளைத்தால், “பெண்தானே!” என்கிறோம். குறை பெண்மையில் இல்லை, தோழியரே, தட்டில் இருக்கிறது.

“விளையாடினால் படிப்புக் கெடும்” என்பார் உண்டு. சோர்ந்த உடலோடு புத்தகத்தின் முன் அமர்ந்தால் மட்டும் பாடம் மனத்தில் பதியுமா?

ஆகவே பெற்றோரை வேண்டுகிறோம்: முருங்கைக் கீரையும் கம்பும் மகளின் தட்டிலும் நிறையட்டும், இரும்புச் சத்து உடலில் சேர நெல்லிக்காய் துணை செய்யும். உணவோடு காப்பி, தேநீர் வேண்டாம். பருவமெய்திய காரணத்தால் அவள் கையிலிருந்து மட்டையை வாங்கி வைக்காதீர்கள். அருட்சகோதரியரை வேண்டுகிறோம்: மட்டை பிடிக்கும் பயிற்சியோடு ஓட்டம், உடற்பயிற்சி ஆகியவற்றுக்கும் நேரம் ஒதுக்குங்கள். தோழியரே, நம் பாட்டிமார் ஆடிய பாண்டியும், கயிறு தாண்டலும் காலுக்கு விரைவு தரும் நல்ல பயிற்சிகளே. அவற்றுக்குச் செலவில்லை; வாசலே போதும்.

மேசை நமக்கெனத் தாழ்ந்து கொடுக்கவில்லை. அதற்கு ஈடாக நம் உடலை உயர்த்திக் கொள்வோமா?