டிக்கிப் பலகையும் டிப்ளமோவும்



'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று பெரியவர்கள் சொன்னது நம்மை நினைத்துத்தானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மூன்றாம் ஆண்டு வந்ததும், "என்னடா புராஜெக்ட் பண்ணப் போறீங்க?" என்று கேட்டால், "எங்கே வாங்கப் போறோம்னு கேளுடா" என்று சிரிக்கிறார்கள். காசு கொடுத்தால் மாடலும் ரெடி, ரிப்போர்ட்டும் ரெடி. வைவாவில் சொல்ல வேண்டிய பதில்கூட டைப் அடித்து ரெடி! இதை எழுதுவதால் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். விலைக்கு வாங்கிய பெரிய மெஷினைவிட, நம் கையால் செய்த ஒரு மரப்பலகை மேலான புராஜெக்ட் என்பது என் கருத்து.

உதாரணத்துக்கு, கார் டிக்கிக்குள் போடும் உயர்த்திய தளத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். என் சித்தப்பா ஜவுளி வியாபாரி. அவருடைய சின்னக் காரில் பின் சீட்டை மடக்கினால் டிக்கித் தரைக்கும் சீட்டுக்கும் நடுவே 15 செ.மீ. படி நிற்கும். மூட்டை சாயும், இறக்கும்போது பள்ளத்திலிருந்து தூக்க வேண்டும், இடுப்பு வலி. படியைச் சமமாக்க ஒரு பலகைத் தளம் வேண்டும். நானும் இரண்டு நண்பர்களும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடித்தோம்.

"இதென்ன பிரமாதம், பலகையை வெட்டிப் போட்டா போச்சு!" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அளவு. டிக்கியில் நேர்கோடு என்று ஒன்றுமே கிடையாது. இரண்டு பக்கமும் சக்கரத்தின் மேடு உள்ளே வந்து நிற்கும். டேப்பை வைத்து அளந்தால் வேலைக்காகாது. டி.வி. வந்த அட்டைப்பெட்டியை வெட்டி வெட்டிப் பொருத்தி, அதையே அச்சாக வைத்துத்தான் பிளைவுட்டில் கோடு போட்டோம். முதலாண்டு டிராயிங் வகுப்பில் கொட்டாவி விட்டோமே, அது இங்கேதான் உயிர் பெறுகிறது.

அடுத்தது பலம். 12 மி.மீ. பலகையா, 18 மி.மீ. பலகையா? விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 12-லிருந்து 18-க்குப் போனால் விறைப்பு சுமார் 3.4 மடங்கு, எடையோ ஒன்றரை மடங்கு. ஆனால் 12 மி.மீ. பலகைக்கு நடுவில் ஒரு ரீப்பரைத் தாங்கலாகக் கொடுத்தால் ஸ்பான் பாதியாகிறது. அதே பாரத்துக்கு வளைவு எட்டில் ஒரு பங்கு ஆகிவிடும். இரண்டாவது வழிதான் லேசு, காசும் மிச்சம். மேல்தோலின் நார் ஸ்பான் போகும் திசையிலேயே ஓட வேண்டும். ஈரம் படும் இடம் என்பதால் தண்ணீர் தாங்கும் ரகப் பிளைவுட். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் மனப்பாடம் செய்து வாந்தியெடுத்த ஃபார்முலா, சித்தப்பாவின் மூட்டைக்குக் கீழே வேலை செய்வதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

மூன்றாவது, யோசனை. ஸ்டெப்னியும் ஜாக்கியும் தளத்துக்கு அடியில் இருக்கின்றன. நடுரோட்டில் பஞ்சரானால் எல்லா மூட்டையையும் இறக்குவதா? பலகையை இரண்டாகப் பிரித்துக் கீல் வைத்தோம். பின்பாதி மட்டும் தூக்கும். உலோகத்தில் மரம் உரசிக் கடகடக்காமல் இருக்க, பழைய டியூபை வெட்டி ஓரத்தில் ஒட்டினோம்.

நான்காவதுதான் முக்கியம்: பாதுகாப்பு. காய்ந்த ரோட்டில் அழுத்திப் பிரேக் போட்டால் 0.7 ஜி வரை வரும். அப்போது 60 கிலோ மூட்டை சுமார் 42 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். மோதல் என்றால் அதைப் போலப் பல மடங்கு. எனவே தளம் சும்மா கிடக்கக் கூடாது. வண்டியில் ஏற்கனவே இருக்கும் கொக்கிகளோடு பட்டையால் கட்ட வேண்டும். தரை உயர்ந்துவிட்டதால் மூட்டையும் உயரும். சீட் முதுகுக்கு மேலே அடுக்கவே கூடாது. பாடியில் ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது. பெயிண்ட் உடைந்தால் துரு வரும். அடியில் ஒயரோ பெட்ரோல் டேங்கோ இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவும் பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கத் தடை போடுகிறது. ஆகவே நம் தளம் கழற்றி எடுக்கும்படியே இருக்கட்டும். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள வண்டியென்றால் இந்த வேலையே வேண்டாம். வால்வை மூடி மறைப்பது ஆபத்து.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2023-இல் டாடா கம்பெனி அல்ட்ராஸ் சி.என்.ஜி. காரை இறக்கியபோது பெருமையாகச் சொன்னதே டிக்கித் தளத்தைப் பற்றித்தான். ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக 30 லிட்டர் சிலிண்டர் இரண்டை வைத்து, அதற்கு மேலே தளம் அமைத்து, சாமான் வைக்க இடம் மிச்சம் பிடித்தார்கள். பெரிய பெரிய இன்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயம் நமக்கு மட்டும் கேவலமா?

"பலகையைக் கொண்டுபோய்க் காட்டினால் எக்ஸ்டர்னல் சிரிப்பாரே, மார்க் போகுமே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் மார்க்கோடு கதை முடிவதில்லை. சீனியர் ஒருவர் விலைக்கு வாங்கிய புராஜெக்டோடு இன்டர்வியூவுக்குப் போனார். "இந்த போல்ட் ஏன் இந்த சைஸ்?" என்று ஒரே ஒரு கேள்வி. வாயைத் திறக்க முடியவில்லை. நம் அப்பா அம்மா வட்டிக்கு வாங்கிக் கட்டிய பீஸ் அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்து போகிறது. சொந்தமாகச் செய்தவனுக்கு அந்தக் கேள்வி வெல்லக்கட்டி. ஏன் 12 மி.மீ., ஏன் அந்த ரீப்பர் என்று கேட்டால் நான் அரைமணி நேரம் பேசுவேன்.

நமது மாணவர் சங்கத்துக்கு இரண்டு கோரிக்கைகள். சனிக்கிழமை மாலையில் கார்பெண்டரி ஷாப்பை மாணவர்களுக்குத் திறந்துவிடும்படி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ஆண்டுவிழாவில் 'கையால் செய்தவை' என்று ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். பலகையோ, பம்ப் ஸ்டாண்டோ, பாட்டிக்குச் சக்கர நாற்காலிச் சரிவோ, எதுவானாலும் சரி. செய்தவனே பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும், அதுதான் விதி.

நண்பர்களே, சர்டிபிகேட்டை யார் வேண்டுமானாலும் பிரேம் போட்டு மாட்டலாம். கையில் காய்ப்பு ஏறியவனுக்குத்தான் டிப்ளமோ சொந்தம். உளியை எடுங்கள், ஒரு வேலையை முடித்துக் காட்டுங்கள்!